வெளியில் வரைய உறுதியான டேப்லெட்: பேனாவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: வெளியில் அலையும்போது பறவை, செடி, பாறை என்று கண்ணில் பட்டதை அங்கேயே வரைய வேண்டும், பக்கத்திலேயே குறிப்பும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் அதே கருவி லேப்டாப்பாகவும் உதவ வேண்டும். தூறல், தூசி, கைதவறி விழுவது எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ‘ராணுவத் தரம்’ என்று போட்டு விற்பவற்றில் எதை எடுக்கலாம்?

ராணுவத் தரத்தை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன். முதலிடம் பேனாவுக்கு, அடுத்தது திரைக்கு. இந்த ரக்கட் (முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும்) கருவிகள் யாருக்காகச் செய்யப்படுகின்றன என்று பாருங்கள். மின்கம்பத்தில் ஏறுபவர், கிடங்கில் சரக்கு எண்ணுபவர், ரோந்து வண்டியில் போகும் போலீஸ்காரர். அவர்கள் திரையில் செய்வது பொத்தானைத் தட்டுவது, படிவம் நிரப்புவது, கடைசியில் ஒரு கையெழுத்து வாங்குவது. அதற்கு எந்தப் பேனாவும் போதும், விரலே போதும். அதனால்தான் கான்கிரீட்டில் விழுந்தாலும் உடையாத ஒன்றை வாங்கிவிட்டு, அதில் ஒரு இலையின் நரம்பைக்கூட ஒழுங்காக இழுக்க முடியாமல் பலர் திண்டாடுகிறார்கள். விழுந்தால் தாங்க நல்ல உறை ஒன்று போட்டுக்கொள்ளலாம். மோசமான பேனாவுக்கு அப்படி எந்த மாற்று ஏற்பாடும் கிடையாது.

சந்தையில் உள்ள பேனாக்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நுனியில் ரப்பர் வைத்த வெறும் குச்சி. அது விரலுக்குப் பதில், அவ்வளவுதான். அதை விட்டுவிடுங்கள். இரண்டாவது, பேட்டரியோடு வரும் ஆக்டிவ் பேனா. வேகம் (Wacom) நிறுவனத்தின் ஏஇஎஸ், மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் பேனா, ஆப்பிள் பென்சில் எல்லாம் இந்தக் குடும்பம். விரலை உணரும் அதே கண்ணாடி மின்முனைகள்தான் பேனாவின் சமிக்ஞையையும் வாங்குகின்றன. மூன்றாவது, இஎம்ஆர் எனப்படும் மின்காந்த ஒத்ததிர்வு வகை. இதில் திரைக்குப் பின்னால் மெல்லிய கம்பிச்சுருள் பலகை ஒன்று இருக்கும். அது வெளியிடும் காந்தப் புலத்திலிருந்தே பேனாவுக்குள் உள்ள சுருள் மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் அனுப்பும். பேனாவில் பேட்டரியே தேவையில்லை. சாம்சங்கின் எஸ் பென் இந்த வகைதான்.

வெளியிடத்துக்கு இஎம்ஆர்தான் என் தேர்வு. சார்ஜ் தீராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் தண்ணீர். காந்தப் புலத்துக்குக் கண்ணாடிமேல் இருக்கும் ஈரம் ஒரு பொருட்டே இல்லை. திரை நனைந்திருந்தாலும் கோடு போன இடத்தில் போகும். விரலை உணரும் கெபாசிட்டிவ் திரை அப்படியல்ல. தூறல் ஆரம்பித்ததும் முதல் துளி பக்கத்தைப் பெரிதாக்கும், அடுத்தது எங்கோ இருக்கும் மெனுவைத் திறக்கும், நீங்கள் துடைக்கப் போனால் துடைத்த பாதையெல்லாம் ஒரு கோடு விழும். இஎம்ஆர் கருவியிலும் விரல் தொடுகைக்குக் கெபாசிட்டிவ் அடுக்குதான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மழையில் அந்தத் தொடுகையை மட்டும் அணைத்துவிட வேண்டும். பல வரையும் செயலிகளில் ‘பேனா மட்டும்’ என்ற அமைப்பு உண்டு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போய் தொடுதிரையை முழுவதுமாகவே முடக்கலாம். பேனா தொடர்ந்து வேலை செய்யும்.

இஎம்ஆருக்கும் குறை இல்லாமல் இல்லை. திரையின் ஓரங்களில், குறிப்பாக மூலைகளில், பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடையே கொஞ்சம் விலகல் வரும். காந்தம் பக்கத்தில் இருந்தால் தடுமாறும். காந்தப் பூட்டு வைத்த உறையை மடித்துத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வரைந்தால், சரியாக அந்தக் காந்தம் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு வளைந்து போகும். பேனா கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பேனா வாங்குவதற்கு முன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

ஏஇஎஸ் வகையின் பெயர்பெற்ற குறை வேறு. வேகமாக எழுதினால் தெரியாது. மெதுவாகச் சாய்கோடு இழுத்தால் அது நெளிநெளியாக வரும். புதியவற்றில் இது நிறையக் குறைந்திருக்கிறது, ஆனாலும் கருவிக்குக் கருவி மாறும். எனவே வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: திரைமேல் ஒரு அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு. அப்புறம் அளவுகோலை எடுத்துவிட்டு, பேனாவின் எடை மட்டும் படும்படி, அழுத்தமே கொடுக்காமல் சில கோடுகள். முதல் சோதனையில் நெளிவு தெரிந்துவிடும். இரண்டாவதில் பேனா எவ்வளவு லேசான தொடுதலிலிருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிறது என்பது தெரியும். விளம்பரத்தில் 4,096 அழுத்த நிலைகள், 8,192 நிலைகள் என்று போட்டி போடுவார்கள். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. லேசான தொடுகை பதிவாகிறதா என்பதுதான் பென்சில் நிழல் போடுபவருக்கு முக்கியம்.

இன்னொன்று, கண்ணாடியின் தடிமன். ரக்கட் திரைகளில் மேல்கண்ணாடி தடிமனாக இருப்பதால், பேனா முனை ஒரு இடத்திலும் கோடு அதற்குக் கொஞ்சம் கீழேயும் இருப்பதுபோலத் தோன்றும். குறிப்பெழுத இது தொந்தரவே இல்லை. சிறிய பூவின் மகரந்தத் தாளை நுணுக்கமாக வரைபவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் (ஆப்டிகல் பாண்டிங் என்று விவரப் பட்டியலில் இருக்கும்) இந்த விலகல் குறையும், எதிரொளிப்பும் குறையும். இந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

சரி, திரைக்கு வருவோம். சாதாரண லேப்டாப் திரை 250 முதல் 400 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) வரை வெளிச்சம் தரும். வெளியில் வைத்தால் அதில் உங்கள் முகம்தான் தெரியும். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு). அந்த வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளின் பிரகாசத்தைக் கணக்குப் போட்டால் சுமார் 25,000 நிட் வரும். 1,000 நிட் தரும் திரைகூட அதன் பக்கத்தில் மங்கல்தான். அதனால் ‘வெயிலில் படிக்கலாம்’ என்று விளம்பரம் சொன்னால் அதை அப்படியே, எழுத்தைப் படிக்கலாம் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிலைமை வேறு. மரத்தடியில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். அங்கே 600 நிட் திரையில் தாராளமாக வரையலாம், 1,000 நிட் இருந்தால் சுகமாக வரையலாம். நேர் வெயிலில் உட்கார்ந்தேதான் வரைவேன் என்றால் 1,000க்குக் கீழே பார்க்கவே வேண்டாம்.

வெளியில் இருண்ட பின்னணி அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள். கறுப்புப் பரப்பு கண்ணாடியைப் போலாகி வானம் முழுவதையும் காட்டும். வெள்ளைப் பின்னணி, அடர் கோடு, இதுதான் எடுபடும். வண்ணம் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வெயிலுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை இருட்டாகத் தெரிவதால், நம்மையறியாமல் எல்லா நிறத்தையும் வெளிறலாகத் தேர்ந்தெடுத்துவிடுவோம். உள்ளே வந்து பார்த்தால் படம் சலவை செய்ததுபோல இருக்கும். வெளியில் கோடும் ஒன்றிரண்டு அடிப்படை நிழலும் போட்டுக்கொண்டு, வண்ணத்தின் பெயரைக் குறிப்பாக எழுதி வைத்து, பிறகு உள்ளே வந்து நிரப்புவது நல்லது. தாளில் வரையும் கள ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான்.

போலரைஸ்டு குளிர்கண்ணாடி போடுபவர் என்றால், திரையை நெட்டுவாக்கிலும் படுக்கைவாக்கிலும் திருப்பிப் பாருங்கள். சில எல்சிடி திரைகள் ஒரு வாக்கில் முழுக்கக் கறுத்துப்போகும். திரைமேல் பளபளப்பில்லாத (மேட்) படலம் ஒட்டுவது பற்றியும் பலர் கேட்பார்கள். அது எதிரொளிப்பைப் பரப்பிவிடும், பேனாவுக்குத் தாள் போன்ற பிடிமானம் தரும். ஆனால் கூர்மை குறையும், பேனா நிப்பும் சீக்கிரம் தேயும். வரைபவருக்கு இந்த விலை கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இப்போது உறுதிக்கு வருவோம். தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஐபி எண் (ஐபி68 போல). அதில் முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். தூசியில் 6 என்றால் உள்ளே புகவே புகாது. தண்ணீரில் 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடுமையானது, எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: மூழ்கினால் தாங்கும் 7, பீய்ச்சினால் தாங்கும் 5ஐத் தானாக உள்ளடக்காது. இரண்டும் தனித்தனிச் சோதனை. இவை நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, உப்புநீருக்குப் பொருந்தாது. கடற்கரையில் வரைந்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். சார்ஜ் துளையின் மூடி சரியாக மூடாவிட்டால் எந்த எண்ணும் செல்லாது. பல ரக்கட் கருவிகளில் தண்ணீர் புகுவது அந்த ரப்பர் மூடி வழியாகத்தான்.

‘ராணுவத் தரம்’ என்பது பெரும்பாலும் மில்-எஸ்டிடி-810எச் என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறை. 2019இல் வந்த பதிப்பு. இது ஒரு சான்றிதழ் அல்ல, எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கையேடு. எந்தெந்தச் சோதனையை, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். புகழ்பெற்ற வீழ்ச்சிச் சோதனையில் 26 முறை போடுவார்கள்: ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. விழும் தளம் பெரும்பாலும் கான்கிரீட்மேல் வைத்த ஒட்டுப்பலகை. அந்த 26 வீழ்ச்சியை ஐந்து கருவிகளுக்குப் பகிர்ந்தும் கொடுக்கலாம். ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி 26 முறை கருங்கல்லில் விழுந்து பிழைத்தது என்று அர்த்தமில்லை. எத்தனை அடி உயரம், இயங்கும் நிலையிலா அணைத்த நிலையிலா என்று விவரப் பட்டியலில் எழுதியிருப்பவர்களை நம்பலாம். வெறும் முத்திரை மட்டும் போட்டிருந்தால் அதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

விழுவதைவிட வெயில் சூட்டைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. நேர் வெயிலில் கிடக்கும் கறுப்புக் கருவி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். முதலில் திரை தானாக மங்கும், அப்புறம் சார்ஜ் ஏறாது, கடைசியில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வரையும்போது இது சீக்கிரம் வரும். உண்மையான ரக்கட் கருவி காசுக்கு ஈடுகொடுப்பது இங்கேதான். குளிரில் இதற்கு எதிர்ச் சிக்கல்: உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகச் சேதமாகும்.

பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிவது பெரிய வசதி. ஆயிரம் நிட்டில் ஓடும் திரை, விளம்பரத்தில் போட்ட மணிக்கணக்கைப் பாதியாக்கிவிடும். பவர் பேங்கில் சார்ஜ் செய்ய நினைத்தால் யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள். பழைய ரக்கட் கருவிகள் பலவற்றுக்குத் உருளை முனை கொண்ட தனிச் சார்ஜர்தான்.

எடையைப் பற்றி ஒரே வார்த்தை: நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து வரைவீர்களா, உட்கார்ந்து மடியில் வைத்து வரைவீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 12 அங்குல முழு ரக்கட் விண்டோஸ் டேப்லெட் கீபோர்டு இல்லாமலே ஒரு கிலோவுக்கு மேல். கால் மணி நேரம் ஒரு கையில் பிடித்தால் தோள் சொல்லிவிடும். பின்னால் கைப்பட்டை உள்ளதை எடுங்கள். சர்ஃபேஸ் போல முதுகுத் தாங்கி வைத்தவை மேசைக்கு அருமை, மடியில் வழுக்கும்.

இனி, பெயர் சொல்லியே பேசலாம். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது சாம்சங் கேலக்ஸி டேப் ஆக்டிவ் வரிசை. எட்டு அங்குலத்தில் ஆக்டிவ்5, பத்து அங்குலத்தில் ஆக்டிவ்5 ப்ரோ. ஐபி68, பெட்டியிலேயே எஸ் பென், கழற்றி மாற்றும் பேட்டரி. திரை வெளிச்சம் 1,000 நிட்டை எட்டாது, ஆண்ட்ராய்டு என்பதால் முழு லேப்டாப்பும் ஆகாது. ஆனால் நிழலில் உட்கார்ந்து வரைய, எழுத, ப்ளூடூத் கீபோர்டு மாட்டி நாள்குறிப்பு தட்டச்சு செய்ய இதுவே போதும், தோளுக்கும் இதம்.

விண்டோஸ்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் வரைபட மென்பொருளோ ஆய்வுத் தரவு மென்பொருளோ அதில்தான் ஓடும் என்றால் பேனசோனிக் டஃப்புக் 33, டெல் லாட்டிட்யூட் 7230 ரக்கட், கெடாக்கின் எஃப்110 போன்றவற்றைப் பாருங்கள். டஃப்புக் 33இன் திரை 3:2 விகிதம். குறிப்பேட்டுத் தாள் போல இருப்பதால் வரைய எனக்கு இது ரொம்பப் பிடித்த வடிவம். அதுவும் டெல்லும் 1,200 நிட் வகை, இரண்டிலும் இரட்டை பேட்டரி, அணைக்காமலே ஒன்றொன்றாக மாற்றலாம். ஆனால் ரக்கட் விண்டோஸ் கருவிகளில் ஒரே மாடல் பெயரில் பேனாவுக்கான டிஜிடைசர் (பேனாவை உணரும் அடுக்கு) உள்ளதும் இல்லாததும் விற்பார்கள். மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அந்தக் குறிப்பிட்ட கருவியின் முழு உருப்படி எண்ணைக் கேட்டு, ‘அழுத்தம் உணரும் டிஜிடைசர் இருக்கிறதா’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வரைவதுதான் உயிர், மழை அபூர்வம் என்றால் ஐபேடோ சர்ஃபேஸ் ப்ரோவோ எடுத்து, திடமான உறை போடுவதில் தப்பே இல்லை. வரையும் அனுபவம் எந்த ரக்கட்டையும் விட மேல். இரண்டுக்கும் ஐபி தரம் கிடையாது என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஒரு நீர்புகாப் பையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு அதிகம், வரைதல் வெறும் கோட்டுருவம் என்றால் மின்தாள் (இ-இங்க்) கருவிகளும் உண்டு. வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும் திரை அது. ஆனால் தண்ணீர்ப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது, திரை அழுத்தத்தில் விரிசல் விடலாம்.

விண்டோஸில் வரையும்போது பேனா நகர்கிறது, அழுத்தம் மட்டும் பதிவாகவில்லை என்றால் பதறாதீர்கள். விண்டோஸ் இங்க், விண்டேப் என்று இரண்டு வழிகளில் பேனாத் தகவல் வரும். கிரிட்டா என்ற வரையும் செயலியில் டேப்லெட் அமைப்புகளுக்குள் போய் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றி, செயலியை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிரிட்டா இலவசம், களத்துக்கு அதுவே தாராளம்.

செகண்ட் ஹேண்ட் பக்கம் கண் போகும், போகட்டும். காவல் துறை, மின்வாரியம் போன்ற இடங்களில் ஓடி முடித்த ரக்கட் கருவிகள் நல்ல நிலையில் வெளியே வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்போ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதனால் வரைபவர்கள் ஒருகாலத்தில் தேடி வாங்கிய டஃப்புக் ஜி1 இப்போது லினக்ஸ் போடத் தயாராக இருப்பவருக்கு மட்டும்தான். டஃப்புக் 33இலும் முதலில் வந்தவை ஏழாம் தலைமுறை, தேதி பார்த்து எடுங்கள். கருவி கைக்கு வந்ததும் திரை முழுவதையும் பேனாவால் நெருக்கமாகக் கோடு போட்டு நிரப்புங்கள். எங்காவது கோடு அறுந்தால் அங்கே டிஜிடைசர் செத்திருக்கிறது. துளை மூடிகளின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேனாவைக் கருவியோடு கட்டும் கயிறு ஒன்று வாங்குங்கள், மாற்று நிப்பும் வாங்குங்கள். களத்தில் முதலில் தொலைவது பேனாதான். இஎம்ஆர் வகையில் ஒரு லாபம், கருவியோடு வந்த பேனாதான் வேண்டும் என்பதில்லை. ஸ்டெட்லர் நோரிஸ் டிஜிட்டல் என்று பென்சில் வடிவிலேயே ஒன்று வருகிறது. எஸ் பென் ஏற்கும் சாம்சங் டேப்லெட்டுகளில் அது வேலை செய்யும், பையில் ஒன்று கூடுதலாகக் கிடக்கட்டும்.